நாயகத்தின் மூன்றாவது கம்பி

ஜூலை 5, சனி

காற்று. காலையிலிருந்து ஆனிக் காற்றின் ஆட்டம். மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். சாரல் இந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காது, மண்ணை வாரி இறைக்கிற காற்று மட்டும் தவறாமல் வரும்.

சிலிண்டருக்குப் பதிவு - ஆயிற்று. சாந்தியின் கண்ணாடி - வாங்கவில்லை. பல் டாக்டர் - போகவில்லை, வலி குறைந்துவிட்டது (பொய்).

பதினொரு மணிக்கு ஆட்டோவில் கோ.நா.வின் பாக்ஸ் கிட்டார் வந்தது. அவன் மனைவி பேச்சியின் தம்பி இறக்கி வைத்தான். "அக்கா ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னா." அவ்வளவுதான். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

கோமதிநாயகம் போய் இன்றோடு பதினெட்டு நாள். கிட்னி. எங்கள் மெல்லிசைக் குழுவில் அவன் லீட் கிட்டார், நான் ரிதம். இருபத்திரண்டு வருஷம் எல்லா மேடையிலும் அவனுக்கு இடப்பக்கம் நான். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் இந்தப் பெட்டியை ஒரு தடவைகூட என்னைத் தொட விட்டதில்லை. ஆள் போன பிறகு ஆட்டோவில் வருகிறது.

திறந்தேன். தறி எண்ணெய் வாசம். பகலெல்லாம் விசைத்தறி ஓட்டுகிறவன். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் கிட்டாரைத் தொடுவான், இருந்தும் மரத்தில் ஏறிவிட்டது.

கழுத்தின் உச்சியில், கம்பியை முறுக்கும் ஆறு கீயையும் சேர்த்து ஒரு கறுப்புக் கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. திருஷ்டிக்குப் பேச்சி கட்டியிருப்பாள். வாசிக்கிறவனே போய்விட்டான், இனி யார் கண் படப்போகிறது என்று நகவெட்டியால் அறுத்தேன். குப்பைக்கூடையில் போட்டேன்.

கம்பிகள் கன்னாபின்னாவென்று கலைந்து கிடந்தன. ஆறாவது தொளதொள. மூன்றாவது அறுந்துவிடுகிற அளவுக்கு இறுக்கம். இந்த வெயிலில் பெட்டிக்குள் கிடந்தால் அப்படித்தான். போனில் ட்யூனரை வைத்துக்கொண்டு ஆறையும் முறைப்படி சேர்த்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்தவர் கிட்டார் கையில் வந்தால் வாசிக்கத் தோன்றாது, கை நேரே கீக்குப் போகும். கல்யாண வீடு, சர்ச், கடை, எங்கே என்றாலும். சாந்தி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்தவுக வீட்டுல சாப்பிட உக்காந்தாலும் வாயில வைக்குமுன்ன உப்பத் தேடுத ஆளு நீங்க."

வாசிக்கவில்லை. மூடி வைத்தேன். பதினெட்டு நாளாக எனக்கு அழுகை வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

சாயங்காலம் கீபோர்டு ராசையா அண்ணாச்சி போன். குழுவை நடத்துகிறவர், மறுக்க முடியாது. "பதிமூணாம் தேதி ஞாயித்துக்கெழம நாயகத்துக்கு அஞ்சலி வச்சிருக்கோம். சமுதாயக் கூடம், காலைல பத்து மணி. அவன் வாசிப்புல என்ன விசேஷம்னு நீ அஞ்சு நிமிஷம் பேசணும் பாண்டி. பேசிட்டு அவன் மொத பீஸ வாசிச்சிரு."

"அது எனக்கு வராதே அண்ணாச்சி."

"ஒனக்கு வராம வேற எவனுக்குவே வரும்?"


ஜூலை 6, ஞாயிறு

காற்று அதேபடி. மட்டன் எடுத்தோம். பல் வலியில் பாதியை விழுங்கினேன்.

முதல் பீஸ்: கச்சேரி தொடங்குவதற்கு முன்னால் கோ.நா. இந்தப் பாக்ஸ் கிட்டாரில் ஒன்றரை நிமிஷம் தனியாக வாசிப்பான். அவனே போட்டது. சினிமாப் பாட்டுக்கெல்லாம் எலெக்ட்ரிக், இது அந்த ஒன்றரை நிமிஷத்துக்கு மட்டும். மெட்டு மேலே போய்க்கொண்டிருக்கும். அடியில், நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவார்களே, அந்த மாதிரி ஒரு சத்தம் நிற்காமல் ஓடும். ஒற்றைக் கிட்டார், ஆனால் கண்ணை மூடினால் இரண்டு பேர்.

இடது கை விரல்கள் எங்கெங்கே போகின்றன என்பது எனக்கு மனப்பாடம். இருபத்திரண்டு வருஷம் பக்கத்திலேயே நின்று வேறு என்ன பார்த்தேன். அதே விரல்களை என் கிட்டாரில் வைத்தால் குப்பை. கம்பிகளை அவன் வேறு ஏதோ சுதியில் வைக்கிறான் என்று இரண்டாம் வருஷமே புரிந்துவிட்டது. என்ன சுதி என்பதுதான் புரியவில்லை. மேடையில் கீயைத் தொட வேண்டி வந்தால் டிரம்ஸ் பக்கம் திரும்பி முதுகைக் காட்டிக்கொள்வான். யூடியூபில் சொன்ன விதவிதமான சுதிகளில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எதுவும் அது இல்லை.

இன்று அவன் கிட்டாரிலேயே அதே விரல்களை வைத்தேன். அதே குப்பை.

என் சுண்டுவிரல் வேறு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூட லேபில் கண்ணாடிக் குழாய்க்குக் கார்க் சொருகும்போது குழாய் உடைந்து, இடது சுண்டுவிரலில் நரம்பு வெட்டுப்பட்டது. அன்றிலிருந்து மடங்காது. முதல் பீஸிலோ மூன்றாவது கம்பி முழுக்கச் சுண்டுவிரலின் பொறுப்பு. அதனால்தான் வராது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

பேச்சுக்காவது எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அவன் வாசிப்பில் என்ன விசேஷம்? ஒரு வரி வரவில்லை. எனக்குப் பிடித்த மற்றவர்களை எழுதிப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடலாம்.

ஷாகுல் பாய், கடையநல்லூர். சவுதியில் ஒன்பது வருஷம். அறையில் எட்டுப் பேர், ஷிப்ட் முறையில் எப்போதும் நாலு பேர் தூக்கம். அங்கேதான் கிட்டார் கற்றுக்கொண்டார். தூங்குகிறவன் புரண்டு படுக்காத அளவில் வாசித்து வாசித்து, இன்றைக்கும் மைக்கைக் கிட்டாரின் வாய்க்குள் வைத்தாலும் சத்தம் குறைவுதான். ஆனால் ஒரு சுரம் விடுபடாது. அவர் வாசித்தால் கல்யாண மண்டபமே பேச்சைக் குறைத்துக்கொள்ளும். "ஒறங்குதவன எழுப்புனா அடுத்த நாளு கிட்டாரு இருக்காது, அல்லா மேல ஆணையா" என்பார்.

மிச்சம் நாளை.


ஜூலை 7, திங்கள்

பனவடலிசத்திரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதிசயம். லேபில் பிளஸ் டூவுக்கு இசைக்கவை, சோனாமீட்டர். அறுபத்து மூன்று பிள்ளைகள், கவை நாலு. ஒன்றில் கால் வளைந்திருக்கிறது. புதிது கேட்டு எழுதணும்.

மூன்றாவது பீரியடில் பேச்சி போன் பண்ணினாள். பின்னால் தறிச் சத்தம். கத்திக் கத்திப் பேசினாள். ஒன்றுவிடாமல் எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

"அண்ணே, கிட்டாரு வந்து சேந்துட்டா?"

"வந்துட்டும்மா."

"கயிற அவுத்துட்டீயளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு ரெண்டு கம்பி புதுசா மாட்டினாவ. கை நடுங்குது, உக்கார முடியல, செவுத்துல சாஞ்சுக்கிட்டு கீயத் திருகித் திருகி வச்சாவ. முடிச்சதும் ஆறையும் சேத்து என்னையக் கயிறு கட்டச் சொன்னாவ, எவனும் முறுக்கிரக் கூடாதுன்னு. 'இதப் பாண்டிட்ட குடு. வேற ஒண்ணும் சொல்லாண்டாம். வெறுங்கம்பிய ஒரு தடவ மீட்டினாம்னா அவனுக்கே தெரிஞ்சிரும்'னாவ. சொல்லாண்டாம்னுட்டாவளேன்னு இத்தன நாளும் சொல்லல. மனசு கேக்கல. மீட்டிப் பாத்தீயளா அண்ணே?"

"இன்னும் இல்லம்மா."

"கயிறு இருக்குல்லா?"

"இருக்கு. தொடல."

அப்படித்தான் சொன்னேன். தொடல.

பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் வாழைத்தாரோடு ஒரு பெரியவர். "பல்லு வலி" என்றேன். "கிராம்ப வச்சுக் கடியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் குப்பைக்கூடை. காலியாக இருந்தது. நகராட்சி வண்டி காலையிலேயே வந்து போயிருந்தது.


ஜூலை 8, செவ்வாய்

சாந்தியிடம்கூடச் சொல்லவில்லை.

திரும்பத் திரும்ப அதுவே. முறுக்குவதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கையை ஓட்டியிருந்தால் போதும். வேறு எவனுக்குக் கொடுத்திருந்தாலும் முதலில் டிங்கென்று மீட்டிப் பார்த்திருப்பான். கிட்டார் தெரியாதவன் கையில் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கும். தெரிந்தவன் கையில் கிடைத்துப் பாழாய்ப் போயிற்று.

அவனிடம் ஒரு முறை கேட்டிருக்கிறேன். கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கோவில் கொடை, சாயங்காலம் மேடைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "என்ன சுதி வே அது? எனக்கு மட்டும் சொல்லு" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அதையும் சொல்லிட்டா எங்கிட்ட வேற என்னவே இருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. அதற்கப்புறம் கேட்கவில்லை. பேச்சை நிறுத்தவில்லை, ஆனால் பாட்டு, பஸ், சாப்பாடு தவிர வேறு எதுவும் பேசவில்லை. கருமி என்று மனசுக்குள் பேர் வைத்தேன். சாந்தியிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்தான். நான் போனது ஒரு தடவை. பிராக்டிகல் நோட்டு, பரீட்சை வேலை, பஸ் இல்லை. எல்லாம் சாக்கு.

அந்த ஒரு தடவையும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுண்டுவிரலைப் பிடித்து மடக்கி மடக்கிப் பார்த்தான். "இன்னும் மடங்கலையாவே?" என்றான். நோயாளிக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்தேன்.

பட்டியல், தொடர்ச்சி. எஸ்தர் டீச்சர், தென்காசிப் பக்கம் ஒரு சர்ச்சில் வாசிக்கிறவர். விரலில் வேகம் கிடையாது. ஆனால் விரல்களை அடுத்த கார்டுக்கு மாற்றும்போது பாடுகிறவர்களுக்கு அரை மூச்சு முன்னாலேயே மாற்றுவார். இருநூறு பேர் பாடினாலும் யாரும் தடுமாற மாட்டார்கள், அடுத்து எங்கே போகணும் என்று காதில் முன்கூட்டியே விழுந்துவிடும். ஆராதனை முடிந்து வெளியே வருகிற ஒருவரும் கிட்டார் நன்றாக இருந்தது என்று சொல்லிக் கேட்டதில்லை. பாட்டு நன்றாக இருந்தது என்பார்கள்.

குற்றாலத்தில் சீசனுக்கு வந்த ஒருவர், பேர் தெரியாது. அருவிக்குப் போகிற வழியில் உட்கார்ந்து வாசித்தார், கம்பி நாலுதான். நிறையத் தப்பு. தப்பு வந்த இடத்தில் நிறுத்தி முழிக்க மாட்டார், அதே தப்பை அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் வைப்பார். மூன்றாவது சுற்றில் அது தப்பாகவே தெரியாது.

நான்: ரிதம். பிடித்த கிட்டாரிஸ்ட் என்று என்னை எவனும் எழுதப் போவதில்லை.

கோ.நா.: காலி.


ஜூலை 9, புதன்

ராத்திரி தூக்கமில்லை. விடியும்போது ஒரு யோசனை. பழைய கம்பி கீழே மரத்தில் உட்காருகிற இடத்தில் நாள்பட்டால் கம்பியிலேயே தழும்பு விழும், அழுக்கும் பிடிக்கும். நான் முறுக்கியதில் அந்தத் தழும்பு நகர்ந்திருக்கும். அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினால் பழைய சுதி.

கிட்டாரைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர்: "என்ன சார், பொணத்தக் கொண்டு போறாப்புல." சில்லறையை நீட்டினேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேபைப் பூட்டிக்கொண்டு உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். இருந்தது. ஆறாவதில் ஒரு மயிரிழைத் தழும்பு, இரண்டு மில்லிமீட்டர் தள்ளி. மெதுவாகத் தளர்த்தி அதே இடத்தில் நிறுத்தினேன். ஐந்து. நாலு. முதல் கம்பியை அதில் இருந்த துருக் கறையை வைத்து. கை வியர்த்து வியர்த்து லேப் துண்டு நனைந்துவிட்டது.

நாலையும் சேர்த்து மெதுவாக மீட்டினேன். அந்த ஒத்து. அடியில் ஓடுகிற அதே சத்தம். லேபுக்குள், அமிலப் பாட்டில்களுக்கு நடுவில்.

இரண்டாவதும் மூன்றாவதும் பளபளவென்று புதுக்கம்பி. தழும்பு இல்லை. எனக்காக மாட்டிய இரண்டிலும் ஒரு சுவடும் இல்லை. மூன்றாவதை இறக்கினேன் என்று நினைவிருக்கிறது. எவ்வளவு இறக்கினேன் என்று நினைவில்லை. யாருக்கு இருக்கும், பார்த்தால்தானே.

பேச்சியிடம் சொல்லிவிட வேண்டும். போனை எடுத்தேன். பேர் வரை போய்விட்டு வைத்துவிட்டேன்.


ஜூலை 11, வெள்ளி

ஆடி வரப்போகிறது. கோவில் வாசல் கடைகளில் இப்போதே கூட்டம். கறுப்புக் கயிறு வாங்கினேன். அதே தடிமன், எனக்குத் தெரிந்தவரை. கடைக்காரம்மா கேட்டாள்: "கைக்கா, காலுக்கா அண்ணாச்சி?"

"கழுத்துக்கு."

வீட்டில் ஆறு கீயையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினேன். புதுசாகத் தெரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவி, வாசல் மண்ணில் கொஞ்சம் புரட்டி, மறுபடி கட்டினேன். ஐம்பத்தோரு வயசில் செய்கிற காரியம்.

பட்டியலில் கோ.நா.வுக்கு நேரே எழுதிப் பார்த்தேன். நல்ல கற்பனை - அடித்தேன். விரல் வேகம் - அதுவும் இல்லை, அவனைவிட வேகமாக வாசிக்கிறவர்கள் இந்தத் தாலுகாவிலேயே பத்துப் பேர் உண்டு. மறைத்து வைத்தான் - இதை அடிக்கவில்லை. இப்படியே அஞ்சலிக் கூட்டத்தில் சொல்ல முடியுமா.

மேடைக்கு என்ன செய்வது என்று முடிவு பண்ணிவிட்டேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் தொடாமல் நாலு கம்பியில் மட்டும் வாசிப்பது. சுண்டுவிரல் பிரச்சினையும் இல்லை. மெட்டில் ஓட்டை விழும். குற்றாலத்துக்காரரை நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.


ஜூலை 13, ஞாயிறு

காற்று ஓய்ந்து புழுக்கம். சமுதாயக் கூடத்தில் மின்விசிறி ஆறில் மூன்று ஓடவில்லை. எழுபது பேர் இருப்பார்கள். தறிக்காரர்கள் பாதி, பாட்டுக்காரர்கள் பாதி. மாலை போட்ட படம், அதில் கோ.நா. சட்டைப் பட்டன் சரியாகப் போடாமல் சிரிக்கிறான். திருநெல்வேலியில் நர்சிங் படிக்கிற அவன் மகள் ரேவதி முதல் வரிசையில். பேச்சி தரையில் உட்கார்ந்துகொண்டாள், நாற்காலி வேண்டாம் என்றுவிட்டாள்.

ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். ஒரு நிமிஷம் பேசினேன். என்ன பேசினேன் என்று தெரியவில்லை.

பிறகு எல்லோர் முன்னிலும் கயிற்றை அவிழ்த்தேன். அந்த நாடகம் தேவையே இல்லை. பேச்சி பார்க்கட்டும் என்றுதான் செய்தேன்.

வாசித்தேன். நாலு கம்பி. ஒத்து வந்தது, மெட்டு பாதி வந்தது. ஓட்டை விழுந்த இடங்களில் கூட்டம் தலையைக் குனிந்தது, அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். முடித்ததும் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கொஞ்சம் பேர் தட்டினார்கள். ராசையா அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அசல் நாயகம்வே" என்றார். அது செருப்படியாக விழுந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் பேச்சி பக்கத்தில் வந்தாள். கையில் அந்தக் கயிறு. மேடையில் நான் அவிழ்த்துப் போட்டதை எடுத்து வைத்திருக்கிறாள். முடிச்சு பாதி அவிழ்ந்த நிலையில். பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, நான் ஒரு நாளைக்கு முந்நூறு இழை முடியுதவ. நூலு அத்துச்சுன்னா கண்ண மூடிக்கிட்டு முடிச்சுப் போடுவேன், வாலு தெரியாம."

"ஆமாம்மா."

"இது நான் போட்ட முடிச்சு இல்ல."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. என் இலையில் ரசம் ஊற்ற ஆள் வந்தது. அவள் நகர்ந்துவிட்டாள். நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.


ஜூலை 14, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. பல் என்று லீவு லெட்டர். இந்தத் தடவை உண்மை, கன்னம் வீங்கிவிட்டது. பிடுங்கியாயிற்று.

சாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயில் பஞ்சு, பாதி புரிந்திருக்காது. முழுக்கக் கேட்டாள். "முறுக்குனது தப்பில்ல, ஒங்களுக்குக் கை அப்பிடிப் பழகிட்டு. தொடலன்னு சொன்னீயள்லா, அதத்தான் போயிச் சொல்லிட்டு வரணும்" என்றாள்.


ஜூலை 17, வியாழன்

முப்பதாம் நாள். அவர்கள் வீட்டில் விசேஷம், ஆட்கள் இருப்பார்கள். போகவில்லை. சொந்தக்காரர் கூட்டத்தை நல்ல சாக்காக வைத்துக்கொண்டேன். ஆடி ஒன்று. வீட்டில் பாயசம்.


ஜூலை 19, சனி

காலை ஒன்பது மணிக்கு கிட்டாரோடு பேச்சி வீடு. தெருவில் இரண்டு பக்கமும் தறி ஓடுகிறது, வீட்டுக்குள் பேச வேண்டும் என்றால் ஜன்னலைச் சாத்த வேண்டும். ரேவதி காலேஜுக்குப் போய்விட்டாள். பேச்சி மட்டும்.

நின்றபடியே சொல்லிவிட்டேன். வந்த அன்றே அறுத்தேன், ஒரு தடவைகூட மீட்டாமல் முறுக்கினேன், போனில் பொய் சொன்னேன், கயிறு கடையில் வாங்கினேன். நாலு கம்பி கிடைத்தது, இரண்டு போய்விட்டது.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா பதிமூணாந்தேதி முழுசா கேட்டுருப்பேன்லா அண்ணே" என்றாள். "ரேவதியும் கேட்டுருப்பா."

எனக்குப் புரியவில்லை.

"எந்தக் கம்பி போச்சு?"

"ரெண்டாவதும் மூணாவதும்."

"ரெண்டாவதத் திருகுங்க. நான் சொல்லுதேன்."

கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். தறி விட்டு வந்ததும் கையைக் கழுவிவிட்டு முதல் வேலையாக வெறுங்கம்பியைத்தான் மீட்டுவானாம், தினமும். இவள் உலை வைத்துக்கொண்டிருப்பாளாம். எனக்கு முதுகைக் காட்டினான். இவளிடம் எதையும் மறைக்கவில்லை. இவளிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, கிட்டாரைத் தொட்டே பார்க்காதவள் என்று.

கண்ணை மூடிக்கொண்டாள். திருகினேன். "எறக்குங்க. இன்னுங் கொஞ்சம். இல்ல, தாண்டிட்டு. ஏத்துங்க." ஏற்றினேன். "அங்கன. நிறுத்துங்க."

நிறுத்தினேன். ஐந்து கம்பி.

"மூணாவது?"

கண்ணைத் திறந்தாள். "அது தெரியலண்ணே. வழக்கமா வைக்கது எனக்குத் தெரியும், ஆனா ஒங்களுக்குன்னு வைக்கையில அத வேற மாதிரி ஏத்தி வச்சாவ. அன்னைக்கு ஒரு நாளுதான் கேட்டேன். கேட்டதுக்கு, 'பாண்டிக்குச் சுண்டுவெரலு மடங்காது. எந்த வெரலும் இல்லாம இந்தக் கம்பி அதுவா பேசுதாப்புல வச்சிருக்கேன்'னாவ. 'இத்தன வருசம் வாயத் தொறக்கல, இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல'ன்னு சிரிச்சாவ. அதுக்குத்தான் ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்னாவ."

ஆஸ்பத்திரியில் அவன் என் விரலை மடக்கிப் பார்த்தது நினைவு வந்தது. மாற்றி வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே போயிருக்கிறான். அதற்கப்புறமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான், ஒருவேளை மடங்க ஆரம்பித்திருக்குமோ என்று. இவனையா கருமி என்றேன்.

பேச்சி எழுந்து அடுக்களைக்குப் போனாள். குழாயைத் திறந்து விடுகிற சத்தம், பாத்திரச் சத்தம். என் முன்னால் அழ வேண்டாம் என்று போயிருப்பாள். நானும் அங்கே உட்கார்ந்து அழுதேன், ஜன்னல் சாத்தியிருந்தது, தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

பிறகு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு மூன்று விரலை வைத்தேன். சுண்டுவிரல் போக வேண்டிய இடத்தில் வர வேண்டிய சுரம் எது என்று எனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருஷமாகக் காதில் இருக்கிறது. மூன்றாவது கம்பி தானாகவே அந்தச் சுரத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஷயம். கீயைத் திருகினேன். கம்பி முனகியது. அறுந்தால் கடையில் வேறு கிடைக்கும், அவன் மாட்டியது கிடைக்காது. கால் சுற்று. நிறுத்திக் கேட்டேன். இன்னும் இல்லை. மறுபடி கால் சுற்று. இன்னும் ஒரு இழை.

சுண்டுவிரல் நீட்டியபடியே நின்றது, அதற்கு வேலை இல்லை.

எல்லா விரலையும் எடுத்துவிட்டு வெறுங்கம்பியை ஒரு தடவை மீட்டினேன்.

அடுக்களையில் பேச்சி குழாயை மூடினாள்.